விதையெடுத்த பிள்ளை

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் புடிங்கைப் பற்றி எழுதுகிற எவரும் ஒரு காட்சியை விடமாட்டார்கள். திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறு. ஆங்கிலிக்கன் சபையில் அன்றைய ஜெபம் 'கிளறிவிடும்' என்ற பொருளில் தொடங்கும். அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் குடும்பம் புடிங் கிளறத் தொடங்கும். கடைக்குட்டி வரை ஒவ்வொருவரும் மரக்கரண்டியைப் பிடித்துக் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு சுற்றுச் சுற்றி, மனதுக்குள் ஏதாவது வேண்டிக்கொள்ள வேண்டும். கலவைக்குள் ஒரு வெள்ளிக்காசும் போடுவார்கள்.

இந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பிள்ளைகளுக்கு அது சந்தோஷமான நாள்தான். ஆனால் கரண்டி உள்ளே இறங்குவதற்கு முன்பு அந்த அடுப்படியில் நடந்தது என்ன என்று தேடினால், பழைய சமையல் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

'கிறிஸ்துமஸ் புடிங்' என்ற பெயரில் செய்முறையை முதலில் அச்சிட்டவர் எலிசா ஆக்டன் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவருடைய புத்தகம் 1845இல் வந்தது. 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் புத்தகம் அதைவிடப் புகழ்பெற்றது. (ஆக்டனின் செய்முறைகள் பலவற்றைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட புத்தகம் அது. அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.) பீட்டன் கேட்பது ஒன்றரை பவுண்டு உலர்திராட்சை. விதையை நீக்கி இரண்டாக நறுக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அன்றைய உலர்திராட்சைக்குள் விதை இருந்தது. ஒவ்வொன்றாகப் பிளந்து, பிசுபிசுக்கும் சதையிலிருந்து விதையைக் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்றரை பவுண்டு என்றால் ஏறக்குறைய 680 கிராம், நூற்றுக்கணக்கான பழங்கள். அது முடிந்தால் சின்னக் கருந்திராட்சையைக் கழுவிக் காம்பு ஆய்ந்து உலர்த்துவது, மாட்டுக்கொழுப்பைப் பொடியாகக் கொத்துவது, ரொட்டியை உதிர்ப்பது என்று வேலை நீளும். பிறகு கொதிநீரில் ஐந்தாறு மணி நேரம் வேகவைக்க வேண்டும். பண்டிகையன்று மறுபடியும் இரண்டு மணி நேரம். அத்தனை நேரமும் யாரோ ஒருத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ஒருத்தி யார் என்பதையும் பீட்டனின் புத்தகமே சொல்கிறது. விக்டோரியா கால இங்கிலாந்தில் பெண்களுக்கு மிக அதிகமாகக் கிடைத்த கூலிவேலை வீட்டுவேலைதான். வசதி குறைந்த நடுத்தர வீடுகளில் எல்லா வேலைக்கும் ஒரே ஒரு வேலைக்காரி. அநேகமாகப் பதின்மூன்று வயதில் ஒரு சிறு வியாபாரி வீட்டில் அவள் வாழ்க்கை தொடங்குகிறது என்கிறார் பீட்டன். அவளுடைய தனிமைக்காக இரக்கமும் படுகிறார். ஆனால் வேலைப்பட்டியலில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை.

ஆக, அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அடுப்படியில் இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். கரண்டி பிடித்த பிள்ளை வாழ்த்து அட்டைகளிலும் நினைவுக் குறிப்புகளிலும் இடம்பிடித்துவிட்டது. விதையெடுத்த பிள்ளையும் அதே வயதுதான். அன்று அவளுக்கும் ஒரு வேண்டுதல் இருந்திருக்கும்.

அடுத்த நூற்றாண்டில் புடிங் பேரரசின் விளம்பரமாகிவிட்டது. 1926இல் தொடங்கிய பேரரசுச் சந்தை வாரியம், அரசர் ஐந்தாம் ஜார்ஜின் சமையற்காரரிடமிருந்து ஒரு செய்முறையைப் பெற்றுப் பரப்பியது. மொத்தம் 17 பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு நாட்டின் பெயர். கறுவாப்பட்டைக்கு இலங்கை, கிராம்புக்குச் சான்சிபார், ரம்முக்கு ஜமைக்கா, கலவை மசாலாவுக்கு இந்தியா. பேரரசுச் சரக்கையே வாங்கும்படி இல்லத்தரசிகளிடம் கேட்டார்கள். எதை வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்ததால் அந்த மரியாதை.

1930இல் வாரியம் ஒரு திரைப்படமும் எடுத்தது. ஒரு சிறுவன் கனவில் பேரரசு முழுவதும் போய் அரசரின் புடிங்குக்குச் சாமான் சேகரித்து வருகிறான். நாடுகளாக வேடமிட்டவர்கள் லண்டனின் மேல்தட்டுச் சீமாட்டிகள். கறுவா உரித்த கைகளுக்கும் கரும்பு வெட்டிய கைகளுக்கும் பதிலாக அவர்கள். படம் ஓடவில்லை. செய்முறை மட்டும் இன்றும் கிடைக்கிறது. அதில் தென்னாப்பிரிக்க உலர்திராட்சை ஐந்து பவுண்டு. அதற்கு முன்னால் அதே பழைய சொல், 'விதை நீக்கிய'.