விமானியறையின் மடக்கு இருக்கை

ஓசூரைக் கடந்து பெங்களூர் செல்லும் தமிழர் எவர்க்கும் அத்திபெலே புதிய ஊர் அன்று. கருநாடக எல்லை அங்கே தொடங்குகிறது. 2017ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, அங்கிருந்த வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றன. 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலோ நம்மவர் பலர் அனுமதிச் சீட்டுடன் அவ்வெல்லையில் காத்திருந்தனர். சீட்டைக் கையில் வாங்கும் காவலர் இரு வினாக்களுக்கு விடை தேடுகிறார்: இவர் இன்னார்தாமா? இச்சீட்டு இன்று செல்லுமா? முதல் வினா மிகப் பழையது. அனுமன் சீதையிடம் காட்டிய கணையாழி அதற்கு விடையாக அமைந்தது. இரண்டாம் வினாவைக் கேளாமையால் வானூர்திகளில் விளைந்த கேட்டையும், பின்னர் எழுந்த முறைகளையும் ஈண்டுக் காண்போம்.

விமானியறையில், விமானிகள் இருவரின் ஆசனங்களுக்குப் பின்னால் மடக்கு இருக்கை ஒன்று உண்டு. ‘ஜம்ப் சீட்’ என்று அதனை வழங்குவர். ஒரு நகரில் குடியிருந்து மற்றொரு நகரில் பணியேற்கும் விமானிகள், ஓய்வு வேளையில் அதில் அமர்ந்து செல்வது அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம். பிற கம்பெனியைச் சார்ந்தவராயினும், உரிமத்தையும் அடையாள அட்டையையும் பார்த்தபின் தலைமை விமானி இடம் கொடுப்பார். வழியில் நிற்கும் ஓட்டுநரை நம் லாரிக்காரர் ஏற்றிக்கொள்வதைப் போன்றதே இது. அந்தத் தோழமையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் அட்டை அன்றைய நிலையைச் சொல்லாது. 1987 டிசம்பர் 7ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற பி.எஸ்.ஏ. கம்பெனியின் 1771ஆம் எண் விமானத்தில் ஒருவர் ஏறினார். அவர் விமானி அல்லர். அக்கம்பெனியை விலைக்கு வாங்கியிருந்த யு.எஸ். ஏர் கம்பெனியிலிருந்து சில நாட்களுக்கு முன்னரே விலக்கப்பட்ட ஊழியர். அவருடைய அட்டை திரும்பப் பெறப்படவில்லை. அதனைக் காட்டிச் சோதனையைத் தவிர்த்துத் துப்பாக்கியுடன் சென்றார். விமானம் வீழ்ந்தது, 43 பேரும் மாண்டனர். அட்டை மெய், முகமும் மெய். பணி மட்டுமே இல்லை! அதன்பின் பணி நீங்குவோரிடம் அட்டையை உடனே திரும்பப் பெறவேண்டும் என்னும் விதி வந்தது.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் நான்கு விமானங்கள் கைப்பற்றப்பட்டபின், பிற கம்பெனி விமானிகள் விமானியறையில் அமர்வதற்கு அமெரிக்க அரசு தடை விதித்தது. 2003 நவம்பர் முதல் 60 பேருக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றும் விமானங்களுக்கு வலுவான அறைக்கதவு வேண்டும் என்று உலக விதி ஏற்பட்டது. இருக்கையை மீண்டும் திறந்துவிட ‘காஸ்’ என்னும் கணிப்பொறி முறை வகுக்கப்பட்டது. வாயிலில் உள்ள ஊழியர் விமானியின் விவரத்தைப் பதிந்தவுடன், வினா அவருடைய சொந்தக் கம்பெனியின் பதிவேட்டுக்கே செல்லும். அவருடைய நிழற்படமும், இன்றும் பணியில் உள்ளாரா என்னும் விடையும் உடனே திரும்பிவரும். அத்திபெலேக் காவலரின் இரு வினாக்களும் இங்கே ஒருங்கே கேட்கப்படுவதைக் காண்கிறோம்.

உள்ளத்தை மட்டும் இம்முறை படிக்காது. 1994 ஏப்ரல் 7ஆம் நாள் மெம்பிஸ் நகரிலிருந்து புறப்பட்ட ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில், ஓய்விலிருந்த விமானப் பொறியாளர் ஒருவர் சுத்தியலால் மூவரைக் கொடுமையாகத் தாக்கினார். பறந்த நேரத்தைப் பொய்யாகக் காட்டியமை குறித்து அவர்மீது மறுநாள் விசாரணை இருந்தது. அன்று அவர் முறையான ஊழியரே. குருதி வழிய வழிய அம்மூவரும் அவரை அடக்கி விமானத்தை மெம்பிஸிலேயே இறக்கிய வீரம் வியப்புக்குரியது. 2023 அக்டோபர் 22ஆம் நாள், எவரட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற விமானத்தின் மடக்கு இருக்கையில் அமர்ந்திருந்த விமானி, எஞ்சின்களை நிறுத்தும் கைப்பிடிகளைப் பற்றி இழுத்தார். பணியிலிருந்தோர் தடுத்தமையால் எவரும் மாளவில்லை. அவரும் உண்மையான விமானியே.

நம் நாட்டிலோ, 1978இல் தொடங்கப்பெற்ற விமானப் பாதுகாப்புப் பிரிவு 1987இல் தனித்துறையாயிற்று. 2000ஆம் ஆண்டு முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் விமான நிலையக் காவலை ஏற்கலாயினர். 2019 நவம்பரில் அவர்கள் தில்லியில் பிடித்தவர், லுஃப்தான்சா கம்பெனியின் விமானிபோல் உடுத்து, போலி அட்டையுடன் கொல்கத்தா செல்லவிருந்தவர். வரிசையில் நில்லாமல் செல்வதும் தனி மரியாதை பெறுவதுமே அவர் நோக்கம் என்றனர். அக்கம்பெனியின் பாதுகாப்பு அலுவலர் ஐயுற்றுச் சொன்னதால் பிடிபட்டார். உடுப்பு எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பது நமக்கும் தெரிந்தது.

அறைக்கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டதும் உண்டு. 2023 பிப்ரவரி 27ஆம் நாள் துபாயிலிருந்து தில்லி வந்த ஏர் இந்தியா விமானத்தில், பயணியாகச் சென்ற ஒருவரைத் தலைமை விமானி உள்ளே அனுமதித்தார். சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அவருடைய உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைத்து, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.