முதல் கவளம்

தொட்டியின் விளக்கு மங்கும் நேரம். குள்ள ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று பாறை இடுக்கை விட்டு வெளியே வருகிறது. ஆண் தன் மூக்கால் பெண்ணின் வயிற்றை வருடி மேலே தள்ளுகிறது. இரண்டும் மெல்ல எழும்பி, ஒரு கணம் சேர்ந்து நின்று, முட்டையையும் விந்தையும் ஒரே வீச்சில் நீரில் விட்டுவிட்டு அடிக்குப் பாய்ந்து மறைகின்றன. மிதக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகள் அன்றிரவே வடிகட்டிக்குள் போய்ச் சேர்கின்றன. மறுநாள் மாலை மறுபடியும் அதேதான்.

கடல் மீன் வளர்ப்பவர்களின் வீடுகளில் பல்லாண்டுகள் இப்படித்தான் நடந்தது. முட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் கடைக்கு வந்த ஒவ்வொரு குள்ள ஏஞ்சலும் பவளப் பாறையில் பிடிபட்டதாகவே இருந்தது. தொட்டியில் பிறந்து தொட்டியிலேயே வளர்ந்தது என்று ஒரு குள்ள ஏஞ்சலைக் காட்ட 2000க்குப் பின்தான் முடிந்தது. அதுவரை வழிமறித்து நின்றது ஒரே கேள்வி: பொரித்த மூன்றாம் நாள் அந்தக் குஞ்சுக்குத் தின்ன என்ன கொடுப்பது?

இங்கே பேசுவது கொளத்தூர் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பைகளில் காணும் ஏஞ்சல் மீனைப் பற்றியல்ல. அது அமேசான் ஆற்று மீன். கடல் ஏஞ்சலோடு அதற்குச் சொந்தமில்லை. கடல் ஏஞ்சல்கள் பொமகாந்திடே என்ற குடும்பம். ஏறக்குறைய 90 இனங்கள். செவுள் மூடிக்குக் கீழே பின்னோக்கி நீளும் ஒரு முள், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பட்டாம்பூச்சி மீனிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டும். விரல் நீளமுள்ள குள்ள இனங்களும் உண்டு, ஒன்றரை அடி வளர்பவையும் உண்டு. பல இனங்கள் பெண்ணாகவே வளரத் தொடங்கும். கூட்டத்தில் பெரியது பிறகு ஆணாக மாறும். ஆகவே அவற்றில் இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் போதும், ஜோடி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். பெரிய இனங்கள் சிலவற்றில் குஞ்சின் கோலமும் முதிர்ந்த மீனின் கோலமும் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறும். பேரரச ஏஞ்சல் முதிர்ந்தால் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்டிருக்கும். குஞ்சோ கருநீலத்தில் வெள்ளை வளையங்களோடு வேறொரு மீன்போல் இருக்கும். முதிர்ந்ததற்கு 1787இல் பெயரிட்டாகிவிட்டது. குஞ்சை வேறு இனமென்று கருதி, 1801இல் நிக்கோபார் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

இத்தனை அழகான மீனை வீட்டில் வைக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆசை இருந்தும் கடல்நீர் இல்லையே என்பதுதான் முதல் தடை. கரையோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் வாய்த்த பொழுதுபோக்காக இது இருந்தது. 1960களில் குழாய்த் தண்ணீரில் கலந்தால் கடல்நீராகும் உப்புப் பொட்டலங்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. கடலையே காணாத ஊர்களிலும் கடல் மீன் நீந்தத் தொடங்கியது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் இன்னொரு வழியைக் காட்டினார். கடலிலிருந்து உயிரோடு எடுத்த பாறையைத் தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழியை மட்டும் விட்டு, கழிவைச் சிதைக்கும் வேலையைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களிடமே ஒப்படைத்தார். 1961இல் அவர் அதை எழுதி வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. இன்றைய பவளத் தொட்டிகள் பெரும்பாலும் அந்த வழியின் வாரிசுகள்.

தொட்டி தயாரானதும் மீன் வேண்டும். ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையும் ஜெட் விமானமும் சேர்ந்து பவளப் பாறைகளை வெளிநாட்டு வரவேற்பறைகளோடு இணைத்தன. இலங்கையில் ராட்னி ஜோன்க்லாஸ் போன்ற முன்னோடி முக்குளிப்பாளர்கள் கடல் அலங்கார மீனைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழிலை உருவாக்கினார்கள். மீன் பிடிக்கும் முறையைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். பிலிப்பைன்ஸில் அதே காலத்தில் ஒரு கொடிய குறுக்குவழி பரவியது. சோடியம் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி, மயங்கி வரும் மீனை அள்ளிக்கொள்வார்கள். பவளம் செத்தது, மீனோ விற்றுப் பல நாள் கழித்து, வாங்கியவர் வீட்டில், காரணம் தெரியாமல் செத்தது.

இடுக்கில் பதுங்கும் ஏஞ்சல்களைப் பிடிக்க எப்போதும் அதிக உழைப்பு தேவைப்பட்டது. ஆழத்தில் வாழ்பவை இன்னும் சிரமம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பெப்பர்மின்ட் ஏஞ்சல் தென் பசிபிக்கின் ரரோடோங்கா தீவில், ஐம்பது மீட்டருக்கும் கீழே, நூறு மீட்டரைத் தாண்டியும் கிடைப்பது. ரிச்சர்ட் பைல், ஜான் ராண்டால் இருவரும் 1992இல்தான் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்தால் மீனின் நீச்சல்பை உப்பி உள்ளுறுப்புகளை நசுக்கும். மெல்லிய ஊசியால் காற்றை எடுத்துவிட வேண்டும், அல்லது மிக மெதுவாக மேலேற்ற வேண்டும். ஒரு மீனுக்குப் பின்னால் படகு, வாயுக் கலவை, உயிராபத்து எல்லாம் இருந்ததால், விலையும் பல்லாயிரம் டாலர் என்று பேசப்பட்டது. அரிய மீன் என்றால் மனிதன் எளிதில் போக முடியாத இடத்து மீன் என்றே அந்தச் சந்தை புரிந்துகொண்டிருந்தது.

இதற்கிடையே, வளர்த்துப் பெருக்கலாமே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். புளோரிடாவின் மார்ட்டின் மோ 1970களின் தொடக்கத்தில் கோமாளி மீனை வணிக அளவில் பெருக்கிக் காட்டினார். கோமாளி மீன் பாறையில் ஒட்டி முட்டையிடும். அப்பன் காவல் காக்கும். ஒரு வாரத்துக்கு மேல் முட்டைக்குள்ளேயே வளர்ந்து, கண்ணும் வாயும் திறந்த குஞ்சாக வெளிவரும். அன்றைக்கே இரை தின்னும். அடுத்து மோ ஏஞ்சல்களையும் விட்டுவைக்கவில்லை. கடலில் பிடித்த பெரிய அட்லாண்டிக் ஏஞ்சல்களின் வயிற்றை அழுத்தி முட்டை எடுத்து, கருவூட்டி, குஞ்சு வளர்த்தார். வளர்க்க முடியும் என்பதற்கு அது போதிய சாட்சி. ஆனால் ஒவ்வொரு முறையும் பக்குவமான தாய்மீனைக் கடலில் தேட வேண்டியிருந்தது. தொட்டியிலேயே தினமும் முட்டையிடும் குள்ள ஏஞ்சல்களோ எட்டாக் கனியாகவே இருந்தன.

அவற்றின் முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவருவதற்கு வாயும் இல்லை, பார்வையும் இல்லை; கண்ணாடித் துகள் போலத் தலைகீழாக மிதக்கும். மூன்றாம் நாளையொட்டி மஞ்சள்கரு தீரும், கண்ணில் நிறம் ஏறும், வாய் திறக்கும். அந்த வாய்க்குள் நுழையும் இரை அப்போதே பக்கத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த நாள் அடித்தளத்தில் வெண்படலம்தான் மிஞ்சும்.

குஞ்சு பொரிப்பகங்கள் நம்பியிருந்தவை இரண்டு இரைகள். ஒன்று ஆர்டீமியா, உப்பளங்களில் வாழும் சின்ன இறால் வகை. உலர்ந்த முட்டையை நீரில் போட்டால் மறுநாள் குஞ்சு கிடைக்கும். அரை மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தக் குஞ்சு, குள்ள ஏஞ்சலின் முதல் வாய்க்கு யானைத் தீனி. இரண்டாவது ரோட்டிஃபர். இதற்குச் சுவையான முன்கதை ஒன்று உண்டு. ஜப்பானின் விலாங்குக் குளங்களில் திடீரென்று பெருகி நீரைக் கெடுக்கும் தொல்லையாகத்தான் அதை அறிந்திருந்தார்கள். இவ்வளவு வேகமாகப் பெருகும் சின்ன உயிரியை மீன்குஞ்சுக்கே போடலாமே என்று 1960இல் தகாஷி இட்டோ அதை வளர்த்துக் காட்டினார். உலகின் பாதிப் பொரிப்பகங்கள் அந்தத் தொல்லையின் மேல்தான் எழுந்தன என்றால் மிகையில்லை. கோமாளி மீனுக்கு ரோட்டிஃபர் பொருந்தியது. அதன் சிறிய வகைகூட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதால் குள்ள ஏஞ்சலுக்குத் தொண்டையில் நின்றது.

கடலில் இதே குஞ்சு என்னதான் தின்கிறது? விடை எளிது: கோபிபாட் என்னும் துடுப்புக்காலிகளின் குஞ்சுகள். கடல் மிதவையில் நிறைந்திருப்பவை. சில சிறிய இனங்களின் புதுக்குஞ்சு பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரும் இல்லை. விட்டுவிட்டுத் துள்ளும் அவற்றின் அசைவு, பார்வை இப்போதுதான் தெளிந்த லார்வாவின் கண்ணில் படும். மீன்குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பும் அவற்றில் ஏராளம்.

விடை தெரிந்தும் வேலை முடியவில்லை. கோபிபாட்டை வளர்ப்பதே தனிக் கலை. ரோட்டிஃபர் துணையின்றியே ஒரே நாளில் இரட்டிக்கும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம்கூட நெருக்கியடித்து வாழும். கோபிபாட்டுக்கு ஆணும் பெண்ணும் வேண்டும், நெருக்கம் ஆகாது, தினம் உயிருள்ள நுண்பாசி வேண்டும். அந்தப் பாசியை வளர்க்க இன்னொரு வரிசைக் குடுவைகள் வேண்டும். இத்தனைக்கும் மேல், எங்கிருந்தோ ஒரு ரோட்டிஃபர் உள்ளே வந்துவிட்டால் பாசியையெல்லாம் தின்று பெருகி, சில நாளில் கோபிபாட்டைத் துடைத்துவிடும். குஞ்சால் விழுங்க முடியாத இரை, விழுங்கக்கூடிய இரையை அழித்தது.

முடிச்சு அவிழ்ந்த இடம் ஹவாய். அங்கே ஃப்ராங்க் பேன்ஷ் தன் சிறு பொரிப்பகத்தில் குள்ள ஏஞ்சல்களைத் தாய்மீனாக வைத்து, நுண்ணிரையை மாற்றி மாற்றிப் பார்த்து, 2001, 2002 ஆண்டுகளில் ஃபிஷர் ஏஞ்சல், செந்தழல் ஏஞ்சல், எலுமிச்சை மஞ்சள் ஏஞ்சல் ஆகிய மூன்றின் குஞ்சுகளையும் வளர்த்தெடுத்தார். கிட்டத்தட்ட இரண்டு மாதம் மிதவையாகவே அலைந்த பின்தான் அவை பாறையைத் தேடி இறங்கி, மீன் என்று சொல்லும் உருவத்துக்கு வந்தன. மூன்றின் வளர்ச்சியையும் படிப்படியாக விவரித்து 2002இல் ஒரு கட்டுரை எழுதினார். அதே காலத்தில் அதே ஓவாஹு தீவில் ஓஷியானிக் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனமும் செந்தழல் ஏஞ்சலில் உழைத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தேடலுக்குப் பின்னால் அலங்கார மீன் மட்டும் இல்லை. களவா, சங்கரா போன்ற உணவு மீன்களின் குஞ்சுக்கும் வாய் சிறிதுதான். பார்வோகாலனஸ் என்ற மிகச் சிறிய கோபிபாட்டைப் பெரிய தொட்டிகளில் பெருக்கும் முறையை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டார்கள். அந்தக் கோபிபாட்டை நம்பி, யாரும் முடியாதென்று ஒதுக்கிய மஞ்சள் டாங் மீனையும் 2015இல் வளர்த்துக் காட்டினார்கள்.

இரை வழி தெரிந்ததும் அரிய இனங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்தன. அட்லாண்டிக்கின் நடுவே தனித்துக் கிடக்கும் அசென்ஷன் தீவின் ஒளிர் ஏஞ்சல். மொரீஷியஸ் பக்கம் ஆழத்தில் வாழும் நீல நிற டெபேலியஸ் ஏஞ்சல். இரண்டையும் பேன்ஷ் வளர்த்தார். பெருங்கடல்களும் கண்டங்களும் பிரித்து வைத்த ஒளிர் ஏஞ்சலும் ஹவாயின் ஃபிஷர் ஏஞ்சலும் அவர் தொட்டியில் கலந்து குஞ்சு பெற்றதை 2009இல் ஆய்விதழில் பதிவு செய்தார். ஹவாயின் தனிச்சொத்தான முகமூடி ஏஞ்சலைக் கேரன் பிரிட்டன் வளர்த்தார். பாலித் தீவின் பண்ணை ஒன்று பெரிய ஏஞ்சல்களில் இறங்கி, மெக்சிகோவின் ரெவியாஹிஹேதோ தீவுகளைச் சுற்றி வாழும் ஆரஞ்சு நிறக் கிளாரியன் ஏஞ்சலையும் பெற்றது. கிளாரியனைக் கடலில் பிடித்து விற்கக் கட்டுப்பாடு வேண்டும் என்று மெக்சிகோ முன்வைத்த கோரிக்கையை 2016இல் உலக நாடுகள் ஏற்று, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்த்தன. மறு ஆண்டு ஹவாய் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு இல்லாமல் தொட்டி மீன் பிடிக்க அனுமதி தரக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கடலின் கதவு மெல்லச் சாத்தப்பட்டபோது பொரிப்பகத்தின் கதவு திறந்திருந்தது.

இதனால் விலை தரைக்கு வந்துவிட்டதா என்றால், இல்லை. தொட்டியில் பிறந்த குள்ள ஏஞ்சல் பல நேரம் கடலில் பிடித்ததைவிட விலை கூடுதல். கடல் மீனின் விலையில் படகுக்கும் முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் பங்கு. தொட்டி மீனின் விலையில் பாசிக் குடுவைக்கும் கோபிபாட் தொட்டிக்கும் இரண்டு மாத இரவுபகல் காவலுக்கும் பங்கு. ஆயிரம் முட்டை பொரித்தாலும் கடைசியில் தேறுவது சொற்பம்.

அப்படியிருந்தும் விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். காரணம் வீட்டில் தெரியும். பெரிய ஏஞ்சல்கள் பல, கடலில் கடற்பஞ்சைக் கடித்துத் தின்று வாழ்பவை. பிடித்துவந்த மீன் தொட்டியில் வாரக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காது. மட்டி, உறைந்த இறால், கடற்பஞ்சு கலந்த தீவனம் என்று மாற்றி மாற்றிக் கெஞ்ச வேண்டும். அப்படியும் பட்டினியால் போவது உண்டு. தொட்டியில் பிறந்ததற்கு மனிதன் போடும் இரையைத் தவிர வேறெதுவும் தெரியாது. வந்து இறங்கிய அன்றே குருணைத் தீவனத்துக்குப் பாய்ந்து வரும். மூன்றாம் நாளில் உலகிலேயே ஊட்டச் சிரமமான வாயாக இருந்தது, வளர்ந்து வீட்டுக்கு வரும்போது தீனிக்கு எந்தப் பிடிவாதமும் காட்டுவதில்லை.