தம்பியின் பிரேக் அண்ணனுக்கு

நியூசிலாந்தில் பழைய காருக்கு வேறொரு காரின் பிரேக்கைக் கழற்றிப் பொருத்தும் வழக்கம் வேரூன்ற வழி செய்தவை அரசு விதிகள் இரண்டு. 1937-இல் வாகனத் தகுதிச் சான்று வந்தது. சாலையில் ஓடும் ஒவ்வொரு காரும் குறித்த காலத்துக்கு ஒருமுறை பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாவற்றையும் சோதனைக்குக் காட்ட வேண்டும் என்றானது. மறு ஆண்டு டிசம்பரில் அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக இறக்குமதி உரிம முறை வந்தது. புதுக் கார் வாங்குவது அதன்பின் குதிரைக்கொம்பு. போர் முடிந்த பிறகும் வெளிநாட்டில் பணம் வைத்திருந்தவர்களுக்கே அது எளிதாகக் கிடைத்தது. மற்றவர்கள் பழைய காரையே பத்து, இருபது ஆண்டுகள் ஓட்டினார்கள். புதுக் கார் கிடைக்காது, பழைய காரோ சோதனையில் தேற வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மெக்கானிக்கின் கைத்திறன் வளர்ந்தது.

அக்காலக் கார்களின் பிரேக் இன்று வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஆஸ்டின் செவன் காரில் பெடலை மிதித்தால் கம்பியோ வடமோ இழுபட்டு டிரம்முக்குள் இருக்கும் ஷூவை விரிக்கும். 1930 வரை அந்தக் காரில் கால் பிரேக் பின்சக்கரத்துக்கு, கை பிரேக் முன்சக்கரத்துக்கு என்று பிரிந்தே கிடந்தன. பின்னாளில் பந்தய உலகில் பெயர் பெற்ற புரூஸ் மெக்லாரன், 1952-இல் பதினைந்து வயதில் ஆக்லாந்துக்கு மேற்கே முரிவாய் மலையேற்றப் போட்டியில் ஓட்டியது இந்த வகையைச் சேர்ந்த ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் காரைத்தான். அவருடைய தந்தை ரெமுவேராவில் பெட்ரோல் நிலையமும் பட்டறையும் நடத்தியவர். எண்ணெயழுத்தத்தால் இயங்கும் பிரேக் 1924-இலேயே கிரைஸ்லர் காரில் வந்துவிட்டிருந்தது. ஃபோர்டு மட்டும் 1939 மாடல் வரை கம்பியை விடவில்லை. அதனால் 1939-க்கு முந்திய ஃபோர்டு வி8 வைத்திருந்தவர்கள் பிந்திய ஃபோர்டின் டிரம், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றைக் காயலான் கடைகளில் தேடினார்கள். ஒரே குடும்பத்தின் இளைய காரிலிருந்து மூத்த காருக்கு பிரேக் எடுக்கும் முறை இதில் தெளிவாகத் தெரிகிறது. பிற்காலத்தில் மாறியவை கார்களின் பெயர்கள்தாம்.

டிஸ்க் பிரேக் வந்ததும் இந்தத் தேடல் தீவிரமானது. டிரம்முக்குள் உராய்வில் பிறக்கும் சூடு வெளியேற இடமில்லை. டிரம் விரிவடையும், ஷூவின் லைனிங் பிடிப்பை இழக்கும், பெடல் ஆழமாகப் போகும். வெட்டவெளியில் சுழலும் டிஸ்க்கின் மீது நேராகக் காற்று படும். டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் 1953-இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தை வென்றபோது உலகம் இதைக் கவனித்தது. 1955-இல் சிட்ரோயன் டிஎஸ், 1956-இல் டிரையம்ப் டிஆர்3 என்று டிஸ்க் சாலைக் கார்களுக்கு இறங்கி வந்தது. ஆனால் புதுமை உடனே நம்பகமாகிவிடவில்லை. இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளமான ஆக்லாந்தின் ஆர்ட்மோரில் (சென்னைக்குச் சோழவரம் எப்படியோ ஆக்லாந்துக்கு இது அப்படி) 1954 ஜனவரியில் நியூசிலாந்து கிராண்ட் பிரி நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பதினாறு சிலிண்டர் பிஆர்எம் காரில் முன்னிலையில் இருந்த கென் வார்ட்டன், முன்பக்க டிஸ்க் பிரேக் பழுதாகி அந்த இடத்தை இழந்தார். வென்றது ஆஸ்திரேலியரான ஸ்டான் ஜோன்ஸ் ஓட்டிய மேபாக் ஸ்பெஷல்.

அறுபதுகளில் பிரிட்டிஷ் ஃபோர்டுகள் இந்தப் பிரேக் மாற்றத்துக்கு வசதியான களமாயின. ஆங்லியா 105இ காரின் முன்சக்கரங்களில் டிரம்தான். கோர்ட்டினா ஜிடி காரிலோ டிஸ்க். இரண்டின் முன்பக்க சஸ்பென்ஷனும் ஒரே அமைப்பில் இருந்ததால், கோர்ட்டினாவின் ஸ்ட்ரட்டை டிஸ்க்கோடு சேர்த்து ஆங்லியாவுக்கு மாற்றுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது.

எண்பதுகளின் இறுதியில் காட்சி தலைகீழானது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர, ஜப்பானில் சில ஆண்டுகளே ஓடிய கார்கள் கப்பல் கப்பலாக ஆக்லாந்தில் இறங்கின. ஜப்பானும் நியூசிலாந்தும் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். அதனால் ஸ்டியரிங்கை மாற்றும் வேலையே இல்லை. 1998-இல் கார்களுக்கான சுங்க வரி நீங்கியது. டேம்ஸ், போரிருவா, நெல்சன், விரி ஆகிய ஊர்களில் எஞ்சியிருந்த கார் இணைப்பு ஆலைகள் அந்த ஆண்டோடு மூடின. ஒரு தொழில் அழிந்ததன் மறுபக்கமாக, சாதாரண வருமானம் உள்ள இளைஞர்கள் கைக்கு டர்போ எஞ்சின் கொண்ட வேகக் கார்கள் வந்தன.

அவற்றில் உச்சம் 1989-இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர். நியூசிலாந்தரான ஜிம் ரிச்சர்ட்ஸும் ஆஸ்திரேலியரான மார்க் ஸ்கைஃபும் 1991, 1992 இரு ஆண்டுகளும் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தை இதில் வென்றதால் இங்கே அதற்குத் தனி மவுசு. 1,430 கிலோ எடையுள்ள இந்தக் காரின் எஞ்சின் கொஞ்சம் திருத்தினாலே ஏராளமாகச் சக்தி தரும். முன்பக்க டிஸ்க்கின் விட்டமோ 296 மில்லிமீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இந்தக் காரை நிறுத்தும்போது ஏறத்தாழ 550 கிலோஜூல் ஆற்றல் சூடாக மாறியாக வேண்டும். வேகம் 200 ஆனால் சூடு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. சாலையில் போதுமான பிரேக் பந்தயத்தடத்தில் மூன்றாம் சுற்றிலேயே தளர்வதன் கணக்கு இதுதான். நிசானே 1993-இல் வி-ஸ்பெக் வகையில் டிஸ்க்கைக் கவ்வும் பிரெம்போ காலிப்பர்களும் 324 மில்லிமீட்டர் டிஸ்க்கும் கொடுத்தது. 1995-இல் வந்த ஆர்33 ஜிடி-ஆரிலும் பிரெம்போவே. ஆகவே பழைய ஆர்32-க்குத் தம்பியின் பிரேக்கை வாங்கிப் போடுவது இயல்பான வழியானது. ஒரு நிபந்தனை உண்டு: பெரிய காலிப்பர் அடங்குவதற்கு 16 அங்குலச் சக்கரத்தை விட்டு 17-க்குப் போக வேண்டும்.

பெரிய பிரேக் பூட்டிவிட்டால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் இன்றும் ஓயவில்லை. ஒற்றை அவசர நிறுத்தத்தின் தூரத்தை முடிவு செய்வது டயரின் பிடிப்பு. சக்கரத்தைப் பூட்டும் வலிமை பழைய பிரேக்குக்கும் உண்டு. பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் திராணி, அதாவது பத்தாவது முறையும் முதல் முறைபோலவே நிற்கும் உறுதி. முன் காலிப்பரின் பிஸ்டன்களை மட்டும் பெரிதாக்கினால் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் எண்ணெய் போதாமல் பெடல் நீளும். முன்சக்கரத்தின் பங்கு கூடிப் பின்சக்கரம் சும்மா உருளும், நிறுத்தும் தூரம் கூடவும் செய்யும். செலவு மிகக் குறைந்த மேம்பாடு பலர் கண்ணில் படாமல் போகிறது. அது பிரேக் ஆயில். டாட் 4 தரத்தின்படி புது எண்ணெய் குறைந்தது 230 பாகை செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடும். இருபுறமும் கடல் சூழ்ந்த ஆக்லாந்தின் ஈரக் காற்றில் இரண்டு ஆண்டு மாற்றாத எண்ணெயோடு மலைப்பாதையில் இறங்குகிறவருக்கு எந்தக் காலிப்பரும் கைகொடுக்காது.

இப்படி ஆளாளுக்கு மாற்றிய கார்களைச் சட்டம் எப்படிப் பார்ப்பது என்பதற்கு நியூசிலாந்து கண்ட விடை தனித்தன்மை உடையது. ஹாட் ராட் கட்டுவோர் உள்ளிட்ட கார் ஆர்வலர் அமைப்புகளே முன்னின்று 1992-இல் சிறு எண்ணிக்கை வாகனத் தொழில்நுட்பச் சங்கத்தை உருவாக்கின. விதிகளை எழுதுவதில் கார் கட்டியவர்களின் கையும் இருந்தது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிப் பிரேக்கையோ சஸ்பென்ஷனையோ மாற்றினால், அங்கீகாரம் பெற்ற சான்றாளர் காரைச் சோதித்து, மாற்றங்களைக் குறித்த உலோகத் தகடு ஒன்றை அதில் பதிக்கச் செய்வார். தகடு இல்லாத மாற்றம் தகுதிச் சோதனையில் தேறாது.

ஆக்லாந்தின் புறநகரான ஏவன்டேல் இந்த வரலாற்றைச் சிறிய அளவில் காட்டும் ஊர். ஊரின் ரோஸ்பேங்க் தீபகற்பத்தில் காய்கறித் தோட்டங்கள் இருந்த மண்ணில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிடங்குகளும் பட்டறைகளும் எழுந்தன. அங்கேயே ரோஸ்பேங்க் திடலில் இரண்டு பந்தயத்தடங்கள் உள்ளன. ஒன்றில் கார்ட் வண்டிகள் ஓடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின் அச்சில் மட்டும் ஒற்றை டிஸ்க். மற்றொன்று ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள்களுக்கானது. அந்த வண்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. வளைவில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டும் எஞ்சினைத் தணித்துமே ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். தடத்தை விட்டுச் சாலைக்கு வரும் காருக்கு அந்தச் சலுகை இல்லை. 2014-இல் மாறிய விதிப்படி, 2000-க்கு முன் பதிவான கார்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கு வர வேண்டியிருந்தது. ஸ்கைலைன் ஆர்32 முழுவதும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது.