மனநிலைக் கணக்கேடு வந்த வழி

ஒருகாலம் மனம் பொங்கியெழுவதும் பிறிதொருகாலம் வற்றிச் சோர்வதும் ஒரே நோயின் சுழற்சி எனப் பாரிசு நகரத்து மருத்துவர் ழான்-பியர் ஃபால்ரே 1851-இல் எடுத்துரைத்தார். 1854-இல் பாயர்ஷே என்னும் மற்றொரு மருத்துவர் அதே கருத்துக்கு உரிமை கொண்டாடவே, இருவருக்குமிடையே வழக்கு மூண்டது. நோயாளிகளுக்கு அதனால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை.

நோயாளியை ஒருநாள் காண்பவனுக்கு ஒரு முகமே தெரியும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து காண்பவனுக்கே சுழற்சி புலப்படும். இதனை நன்குணர்ந்தவர் செர்மானிய அறிஞர் எமில் கிரேப்பலின். 1891 முதல் 1903 வரை ஐடல்பர்க்கில் பணியாற்றிய அவர், நோயாளி ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டை வைத்து, நோயின் போக்கையும் முடிவையும் அதில் குறித்து வந்தார். அவ்வட்டைகளைப் பிரித்தும் அடுக்கியும் ஆராய்ந்ததன் பயனாக, 1899-இல் வெளிவந்த தம் நூலின் ஆறாம் பதிப்பில், இன்று நாம் இருமுனை மனநோய் என்பதற்கு வித்திட்டார். ஆயினும் எழுதியவர் மருத்துவர், எழுதப்பட்டவர் நோயாளி.

எழுதுகோல் கைமாறியது பின்னரே. 1980-களில் அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் ராபர்ட் போஸ்டும் அவர்தம் குழுவினரும் வாழ்க்கை வரைபடம் ஒன்றை வகுத்தனர். நடுவே ஒரு கோடு. மேலே எழுச்சி, கீழே சோர்வு. அருகில் உட்கொண்ட மருந்து, உறங்கிய நேரம், நேர்ந்த நிகழ்ச்சி. சோர்வுற்றவன் நினைவு கடந்த நாள்களையும் இருளாகவே காட்டும். ஆதலின், மருத்துவரிடம் நினைவிலிருந்து உரைப்பதினும் அன்றன்று எழுதியதே நம்பத்தக்கது. உறக்கம் குறையத் தொடங்குவது எழுச்சியின் முன்னறிவிப்பாகலாம் என்பதையும் அந்த ஏடே காட்டிக் கொடுக்கும்.

அவ்வேடுதான் இன்று கைப்பேசிச் செயலியாகியுள்ளது. கைப்பேசியில் ஏறியதனாலேயே அது மருந்தாகிவிட்டதா? தென்மார்க்கு நாட்டில் 78 நோயாளிகளைக் கொண்டு ஆறு மாதம் நடைபெற்று, 2015-இல் வெளியான ஆய்வு இக்கேள்வியை எழுப்பிற்று. நாள்தோறும் செயலியில் பதிந்தவர்க்கும் பதியாதவர்க்கும் பொதுவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. பதிந்தோருள் ஒரு சாராரிடம் சோர்வு நீடிக்கவும் செய்தது! சோர்வையே நாளும் எண்ணிக்கொண்டிருப்பது சோர்வை வளர்க்குமோ என ஐயுறுதல் இயல்பே.

ஆதலால், செயலியைத் தேடுவோர் அதன் வண்ணங்களைக் கண்டு மயங்குதல் வேண்டா. உறக்கத்திற்கும் மருந்திற்கும் அதில் இடமுண்டா? மருத்துவரிடம் நீட்டத்தக்க தாளாக அது வெளிவருமா? மிகவும் அந்தரங்கமான இக்குறிப்புகள் எவர் கணினியில் சென்று தங்குகின்றன? இவற்றிற்கு விடை கிடைக்காதவிடத்து, ஒரு பென்சிலும் கோடிட்ட தாளும் போதும். போஸ்டின் நோயாளிகள் எழுதியதும் தாளிலேதான்.