அன்பின் விருந்து

அன்பின் விருந்து (அகாப்பே) என்பது தொடக்ககாலக் கிறித்தவர்கள் வேண்டுதலோடும் பாடலோடும் ஒன்றுகூடி உண்ட பொது உணவு. தகுதி பாராமல் மனிதரை நேசிப்பவர் கடவுள் என்பது அவர்களது விசுவாசத்தின் அடித்தளம். அந்த அன்பைப் பந்தியில் காட்ட எடுத்த முயற்சியே இவ்விருந்து.

இதற்கான மிகப் பழைய சான்று ஒரு கண்டனமாகவே கிடைக்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு குடிக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்ததைப் பவுல் அச்சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் கடிந்துகொள்கிறார். விருந்தின் பெயர் யூதா நிருபத்தில் வருகிறது. அங்கும் அதைக் கெடுத்தவர்களைப் பற்றியே பேச்சு. நற்கருணையும் இவ்விருந்தும் முதலில் ஒன்றாக இருந்து பின்னர் பிரிந்தன என்பர் ஒரு சாரார். தொடக்கத்திலிருந்தே இரண்டும் வேறு என்போரும், ஊருக்கு ஊர் வழக்கம் மாறியிருக்கலாம் என்போரும் உண்டு.

ஏறத்தாழ கி.பி. 112-இல் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறித்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். சபையில் ஊழியம் செய்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து அவர் விசாரித்தார். கிறித்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுவார்கள், பிறகு மீண்டும் கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவு உண்பார்கள் என்பதே விசாரணையில் அவருக்குத் தெரியவந்தது. சங்கங்களுக்குத் தடை வந்தபின் அந்தக் கூட்டுணவையும் கைவிட்டதாக விசாரிக்கப்பட்டவர்கள் கூறியிருக்கிறார்கள்.

விரிவான சித்திரம் கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனிடம்தான் உள்ளது. ஏறத்தாழ 197-இல் எழுதிய ‘அப்பாலஜெட்டிகம்’ நூலின் 39-ஆம் அதிகாரத்தில் விருந்தை முதலிலிருந்து கடைசிவரை அவர் விவரிக்கிறார். முதலில் ஜெபம். பின்பு பசி தீரும் அளவுக்கு உணவு, அளவான குடி. இரவிலும் கடவுளைத் தொழ வேண்டும் என்ற நினைவோடு உண்பார்கள். கைகழுவி விளக்குகள் கொண்டுவந்தபின், வேதத்திலிருந்தோ சொந்தமாகவோ பாடும்படி ஒவ்வொருவரும் அழைக்கப்படுவர். அப்போது பாடுபவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும் என்கிறார் அவர். ஜெபத்தோடு கூட்டம் கலையும். ஏழைகளைப் பேணுவதே விருந்தின் நோக்கம் என்பதை வலியுறுத்தும் அதே அதிகாரத்தில், சபையின் நிதியும் பேசப்படுகிறது. அவரவர் விருப்பம்போல் இட்ட காசு ஏழைகளை அடக்கம் செய்யவும், பெற்றோரற்ற பிள்ளைகள், முதிர்ந்த அடிமைகள், கப்பல் உடைந்து தப்பியவர்கள், சுரங்கத்திலும் சிறையிலும் அடைபட்டவர்கள் ஆகியோரைக் காக்கவும் செலவானது. பிற்காலத்தில் கடும் ஒழுக்கம் போதித்த மொந்தானியப் பிரிவை நோக்கிச் சாய்ந்த அதே தெர்த்துல்லியன், நோன்பு பற்றிய நூலில் இவ்விருந்துகளைக் கடுமையாகச் சாடினார். ஆகவே முதல் விவரிப்பில் கிறித்தவர்களுக்காக வாதாடும் மெருகு எவ்வளவு என்பது விவாதத்துக்குரியது.

ஹிப்போலித்துவின் பெயரால் வழங்கும் ‘அப்போஸ்தல மரபு’ என்ற நூலின் ஆசிரியரும் காலமும் ஐயத்துக்குரியவை. ஆனால் அதில் உள்ள ஒரு விதி நினைவில் வைக்கத்தக்கது. விதவைகளுக்கு விருந்து இடுபவர், இருட்டுமுன் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். அழைத்து உபசரிக்க முடியாதபோது, உணவும் திராட்சரசமும் கொடுத்தனுப்பினால், அவர்கள் தம் விருப்பப்படி வீட்டில் உண்பார்கள்.

ரோமில் மார்செல்லினு, பேதுரு நிலத்தடிக் கல்லறையில் பந்திக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. அவை அகாப்பே விருந்தா, இறந்தோர் நினைவு விருந்தா, பரலோக விருந்தின் கற்பனையா என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நான்காம் நூற்றாண்டில் கட்டுப்பாடுகள் பெருகின. ஆயர்கள் கூடிய கங்ரா சங்கம் (ஏறத்தாழ 340) இவ்விருந்தை இகழ்வோரைக் கண்டித்தது உண்மைதான். லவோதிக்கேயா சங்கமோ ஆலயத்துக்குள் இதை நடத்தவே கூடாதென்றது. கல்லறைகளில் நடந்த படையல் விருந்துகளும் இதனோடு கலந்தே பேசப்பட்டன. அகஸ்தீனின் தாய் மோனிக்கா மிலான் நகரில் கஞ்சியும் ரொட்டியும் திராட்சரசமும் ஏந்தி இரத்தசாட்சிகளின் நினைவிடத்துக்குச் சென்றபோது வாயில்காவலர் தடுத்தார். ஆயர் அம்புரோஸின் ஆணை அது என்றறிந்து மோனிக்கா மறுபேச்சின்றிப் பணிந்தார். அதன்பின் இயன்றதை ஏழைகளுக்கே கொடுத்தார். 395-இல் ஹிப்போவில் அகஸ்தீனே ஆலயத்தில் நடந்த குடிவிருந்தைப் பேசி நிறுத்தினார். 692-இல் திருல்லோ சங்கம் பழைய தடையை மீண்டும் விதித்தது. அதன்பின் பல நூற்றாண்டுகளுக்குக் குறிப்புகள் அரிது.

1708-இல் ஜெர்மனியின் சுவார்செனாவில் தோன்றிய சகோதரர் சபை, பாதம் கழுவுதலோடு இவ்விருந்தை மீட்டது. 1727 ஆகஸ்ட் 13 அன்று மொரேவியச் சபையினர் நற்கருணை முடிந்தும் பிரிய மனமின்றி நிற்க, அவர்களுக்கு அடைக்கலம் தந்த சின்சென்டார்ஃப் பிரபு தம் மாளிகைச் சமையலறையிலிருந்து உணவு அனுப்பினார். அவர்களது விருந்து மரபு இதிலிருந்து தொடங்கியது. 1737-இல் அமெரிக்காவின் சவானாவில் அதில் பங்கேற்ற ஜான் வெஸ்லி, பின்னர் மெதடிஸ்டுகளிடையே ரொட்டியும் தண்ணீருமாக அதை நிறுவினார். மெதடிஸ்ட் விருந்தில் நுழையச் சீட்டு தேவைப்பட்டது. எவரையும் ஏற்கும் அன்பின் பெயரால் நடந்த விருந்துக்கு இது பொருந்தாத ஏற்பாடே. வட கரோலினா மொரேவியர்கள் இன்றும் காப்பியும் இனிப்பு ரொட்டியும் பரிமாறி இவ்விருந்தை நடத்துகின்றனர்.

மொரேவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து, சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப்பின் வெளியேறினர். எனினும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சீர்திருத்தச் சபைகளில் ஆலயப் பண்டிகையின்போது நடக்கும் அசனம், அகாப்பேயின் நேரடி வாரிசு என்பதைவிட அதற்கு இணையான உள்ளூர் வழக்கு எனக் கொள்வதே பொருத்தம். சபையார் தரும் காணிக்கையில் சமைத்து, எல்லாருக்கும் ஒரே பந்தியில் சோறு போடுகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில், நற்கருணையை ஒன்றாகப் பெற இயலாத வெவ்வேறு சபையினர் சேர்ந்து உண்ணும் விருந்தாகவும் அகாப்பே சில இடங்களில் நடத்தப்பட்டுள்ளது.