குளிர்ந்த நீர் சுடுகிறதா? மீன் நஞ்சாக இருக்கலாம்

மீன் சாப்பிட்ட பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், மீன் கெட்டுப்போயிருக்கும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால், அன்றே பிடித்த புது மீனிலும் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு இருக்கக்கூடும். அதனால் வரும் பாதிப்புக்குச் சிகுவாத்தேரா என்று பெயர்.

வெப்பமண்டலக் கடல்களில், பவளப்பாறைப் பாசிகளில் ஒட்டி வாழும் காம்பியர்டிஸ்கஸ் எனும் நுண்ணுயிரே இதன் மூலம். பாசியை மேயும் சிறு மீன்களைப் பெரிய மீன்கள் தின்னத் தின்ன, அவற்றின் உடலில் நஞ்சு சேர்ந்துகொண்டே போகிறது. பவளப்பாறைகளில் வாழும் பெரிய கெராப்பு, ஈக்கான் மேரா, சீலா போன்ற மீன்களில் இது காணப்படுகிறது. தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றில் நஞ்சு கூடுதலாக இருக்கும். மீன் தலைக் கறியை விரும்புவோர் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், உப்பிட்டாலும், ஐஸில் வைத்தாலும் அது அழியாது.

பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் அறிகுறிகள் தெரியும். முதலில் வயிற்றுக் கோளாறு. பிறகு உதடு, நாக்கு, கை, கால்களில் மதமதப்பு, தசைவலி, அரிப்பு, கடும் சோர்வு. பலருக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவது போலவோ மின்சாரம் தாக்கியது போலவோ இருக்கும். நரம்பணுக்களில் சோடியம் செல்லும் வழிகளை நஞ்சு திறந்தபடியே வைத்திருப்பதால், நரம்புகள் காரணமின்றித் தூண்டப்படுகின்றன.

இது புதிய நோயன்று. 1774இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலில் இருந்தவர்கள், இன்றைய வனுவாத்து தீவுகளுக்கு அருகே மீன் உண்டு இவ்வாறு பாதிக்கப்பட்டனர்.

வயிற்றுக் கோளாறு சில நாள்களில் அடங்கிவிடும். நரம்புக் கோளாறோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மாற்று மருந்து இல்லை. அறிகுறிகளுக்கே சிகிச்சை தரப்படுகிறது. குணமாகி வரும்போது மதுவோ மீனோ உட்கொண்டால் தொல்லை மீண்டும் தலைதூக்கலாம்.

இத்தகைய அறிகுறிகளோடு கிளினிக்குக்குச் செல்வோர், என்ன மீன், எந்தப் பகுதி, எப்போது சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் தாங்களாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சாதாரண வயிற்றுப்போக்கு என்றோ வேறு நரம்பு நோய் என்றோ கருதப்படலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மீனை அறவே ஒதுக்கத் தேவையில்லை. மிகப் பெரிய பவளப்பாறை மீன்களையும், அவற்றின் தலை, ஈரல், குடல், சினை ஆகியவற்றையும் தவிர்த்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்.