ரங்கநாதன், சீர்காழி ராமாமிர்தம் (1892–1972)

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பிரசிடென்ஸி கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராக, அதுவும் அரைமனத்துடனே, பதவியேற்ற ரங்கநாதன், இந்தியாவில் நூலக சாஸ்திரத்தை ஸ்தாபித்தவர். பயிற்சிக்காக லண்டன் சென்றிருந்தபோது, ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானின் சில துண்டுகளே விதவிதமான உருவங்களாக இணைவதைக் கண்டு, நூலின் விஷயத்தையும் அவ்வாறே அம்சங்களாகப் பிரித்து, அவற்றின் குறியீடுகளை முக்காற்புள்ளியால் கோத்து எண் அமைக்கலாமெனத் துணிந்தார். 1933-ல் வெளியான கோலன் பகுப்புமுறை அத்துணிவின் பயன். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு, விஷயங்களுக்கு முன்கூட்டியே ஸ்தானங்களை வகுத்து வைக்க, இவர் முறையோ புதிதாய்த் தோன்றும் விஷயத்திற்கும் எண் ஆக்கிக்கொள்ள இடந்தந்தது. எனினும் நடைமுறையில் பரவலாக நிலைத்தது டூயியின் முறையே என்பதை மறைப்பதற்கில்லை. இவருடைய கீர்த்திக்கு மெய்யான ஆதாரம், 1931-ல் நூலாக வெளிவந்த ஐந்து விதிகள்: புத்தகத்தைப் பூட்டிக் காப்பதே உத்தியோகமென்றிருந்த நூலகரை, வாசகரின் தேவையை அறிந்து, அவர் பொழுது வீணாகாமல் உரிய நூலை எடுத்துக் கொடுக்கும் கடமைக்குரியவராக்கியவை அவை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமும் இவரது முயற்சியால் விளைந்ததே.